வாஹித் பாஷா சைகோனில் சாப்பிட்டது

வாஹித் பாஷா ஒரு பஞ்சாயத்துக்குப் புறப்படுகிறார் என்றால், அவர் மனைவி அன்வரி பேகம் நோன்புக்கு எழுப்புவது போல இருட்டிலேயே அவரை எழுப்பி, நாலு ரொட்டியும் முந்தின நாள் குழம்பும் வைத்து, உட்காரவைத்துச் சாப்பிடச் செய்துதான் அனுப்புவாள். போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆம்பூருக்கே தெரியும். வேலூர் வரைக்கும் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் ஜாஸ்தி.

பிழைப்புக்கு அவர் தோல் பார்ப்பவர். ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறிக் கரையேறிக் காய்ந்து வரும் தோல்களைத் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாவது, இது கழிசல் என்று பிரித்துப் போடுவது வேலை. கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுப்பார். மாடு உயிரோடிருந்தபோது எந்தப் பக்கம் முள்ளில் உரசியது, எந்தக் கோடையில் இளைத்தது என்பதுவரை சொல்வார். சரியா தப்பா என்று மாட்டைக் கேட்க வழியில்லை என்பதால் அவர் சொன்னதே நின்றது. மனிதர்களையும் அப்படியே தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று ஊர் நம்பியது. மனிதர்கள் எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் என்பதை ஊர் யோசிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் போய் ஏதாவது கேட்க வேண்டும், பெண்ணை அழைத்துக்கொள் என்றோ, பாகத்தைப் பிரித்துக் கொடு என்றோ, என்றால் போகிறவர்கள் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தால் சாப்பாடு. கொடுக்கவில்லையென்றால் வந்த வழி. முதலில் சாப்பிட்டுவிட்டால் வந்தவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். விருந்தாளி வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்ற முடியாது. மற்றவர்கள் இந்த வழக்கத்தைத் தங்கள் சௌகரியத்துக்கு வைத்திருந்தார்கள். தண்ணீர் சாப்பாட்டில் சேராது, வெற்றிலை சேராது, சித்திரை வெயிலில் சர்பத்தும் சேராது. வாஹித் பாஷாவுக்கு எல்லாம் சேரும். நாட்றம்பள்ளியில் அண்ணன் தம்பி வழக்கு ஒன்றில் காலையில் உட்கார்ந்தவர் பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும் எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்கினாராம். அண்ணன்காரன் கடைசியில் நியாயத்துக்காக இறங்கி வந்தானா, கிழவர் தன் வீட்டில் செத்துவைப்பார் என்று பயந்து வந்தானா என்பது தெரியாது. தீர்ப்பு தீர்ப்புதான்.

இன்னொரு மத்தியஸ்தர், இஷ்தியாக் அகமது, ஒரு வீட்டில் பேச்சு மும்முரத்தில் யாரோ நீட்டிய சர்பத்தை வாங்கி அரை டம்ளர் குடித்துவிட்டார். பிறகு அருமையாகப் பேசி, நல்ல தீர்ப்பு வாங்கிக்கொண்டு வந்தார். செய்தி வாஹித் பாஷாவிடம் வந்தது. தெரியாமல் குடித்துவிட்டேன் பாய் என்றார் இஷ்தியாக். தெரிந்ததா தெரியாததா என்று வயிறு பார்ப்பதில்லை என்று வாஹித் பாஷா அந்தத் தீர்ப்பையே செல்லாது ஆக்கி, வேறு ஆளை அனுப்பி முதலிலிருந்து பேசச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் அதுவே சட்டமாயிற்று.

அவருக்கு ஒரே மகள், தில்ஷாத். பதினெட்டு வயதில் நயீம் அகமதுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை பார்க்க நன்றாக இருப்பான், மெதுவாகப் பேசுவான், ஒருவரையும் நோகச் சொல்லமாட்டான். வாஹித் பாஷா முதல் தரம் என்று சொன்னார். கல்யாணமான எட்டாம் மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில், சைகோனில் ஒரு துணிக்கடையில் வேலை என்று கப்பல் ஏறினான். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு சலாம் மட்டும் வந்தது, யாராவது ஊர் திரும்புகிறவர்கள் வாயில். பிறகு அதுவும் நின்றது. அங்கே அந்த நாட்டு அன்னமியப் பெண் ஒருத்தியை நிக்காஹ் செய்துகொண்டான் என்று ஒரு கப்பல்காரர் சொன்னார்.

தில்ஷாத் அழவில்லை. நான்காம் வருஷம், இருபத்திரண்டு வயதில், தகப்பனிடம் ஒன்றுதான் சொன்னாள். "பாவா, ஊர்ல எல்லார் வீட்டு வழக்கையும் பேசறீங்க. எனக்கும் ஒரு தரம் பேசுங்க. வரட்டும், இல்ல விடட்டும். ரெண்டுல ஒண்ணு."

கேட்டது நியாயம். வராத புருஷனுக்குப் பெண்டாட்டியாக இருப்பதும், விடாத புருஷனுக்குப் பெண்டாட்டியாக இருப்பதும், இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தது. வாஹித் பாஷா தோல் ஷாப்பில் லீவு சொல்லிவிட்டுப் புதுச்சேரி போய்ப் பிரெஞ்சுக் கப்பல் ஏறினார்.

கப்பலில் சமைப்பது எந்த மிருகம், யார் அறுத்தது என்று தெரியாது. அன்வரி கட்டிக்கொடுத்த ரொட்டி, வறுத்த மாவு, பேரீச்சம்பழம், மாங்காய் ஊறுகாய் ஒன்பது நாள் தாங்கியது. கடைசி இரண்டு நாள் தேநீர்தான். பதினோராம் நாள் காலை சைகோன் துறையில் இறங்கியபோது அவருக்குப் பூமி ஆடியது. பூமியா தாமா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

துறையில் அவருக்கு அகப்பட்டவர் சவரிராயன். புதுச்சேரிக்காரர், சுங்கக் கச்சேரியில் சேவகர், தமிழ்க் குரல் கேட்டால் விடமாட்டார். வாஹித் பாஷா துணிக்கடையின் பெயரைச் சொன்னார். அது மூடி இரண்டு வருஷம் ஆயிற்று. நயீம் அகமது என்று ஒருவரைத் தெரியுமா என்றார். சவரிராயனுக்குத் தெரிந்த முஸ்லிம்கள் அத்தனை பேருக்கும் பாய் என்றே பெயர். அதற்குமேல் அவர் யாரையும் கேட்டதில்லை. தேடிக்கொள்ளலாம், முதலில் சாப்பிடுங்கள் பாய் என்றார்.

வாஹித் பாஷா தம் நியமத்தைச் சொன்னார். சவரிராயன் பொறுமையாகக் கேட்டார். "அது எதிராளி வூட்ல தானே பாய்? இது கடை. காசு குடுத்துட்டுப் போயிக்கினே இருக்கலாம்."

நியாயமான வாதம். நிற்க முடியாதவர்களுக்கு நியாயமான வாதங்கள் சீக்கிரம் பிடிபடும்.

துணிக்கடைத் தெரு முனையில் கடை. முன்புறம் திறந்து, நாலு தாழ்ந்த மேசை, பிள்ளைகள் உட்காருவது போலச் சின்னச் சின்ன முக்காலிகள். வாசலில் ஒரு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அன்னாசிப்பூவும் பட்டையும் சுட்ட இஞ்சியும் எலும்போடு வேகும் வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் ஆம்பூரில் பெருநாள் காலையில் பாயா வேகும் தெருவில் நிற்பதாகவே தோன்றும். மேலே பலகையில் அவருக்குப் புரியாத எழுத்துகளுக்கு நடுவே அரபு எழுத்தில் ஹலால் என்று எழுதியிருந்தது. பதினோரு நாளில் அவர் வாசிக்க முடிந்த முதல் சொல் அது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுப்பருகே நின்ற பெண் ஒரு பெரிய கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இடியாப்பத்தைச் சிக்கெடுத்து நீட்டிவிட்டது போல அரிசிமாவு நாடா, அதன்மேல் காகிதக் கனத்தில் சீவிய மாட்டிறைச்சி, வெங்காயத்தாள், அதற்குமேல் கொதிக்கக் கொதிக்க எலும்புச்சாறு. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பச்சிலை. இரண்டு மூங்கில் குச்சி. ரிக்‌ஷாக்காரர்களும் துறைமுகக் கூலிகளும் சுற்றி உட்கார்ந்து அதே குச்சிகளால் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

குச்சி எதற்கு என்று கேட்டார். அதாலதான் சாப்பிடணும் பாய் என்றார் சவரிராயன். வாஹித் பாஷா முயன்றார். தோலில் நூலிழை அளவு கீறலைக் கண்டுபிடிக்கும் விரல்கள் அவை. நாடா ஒவ்வொரு முறையும் வாய்க்குப் பக்கத்தில் வந்து, யோசித்து, திரும்பக் கிண்ணத்தில் விழுந்தது. கையை விட்டார், விரல் வெந்தது. ஒரு ரிக்‌ஷாக்காரர் தம் விரல்களைப் பிரித்துக் காட்டிப் பாடம் நடத்தினார். கடைசியில் அந்தப் பெண் வந்து, கத்தரிக்கோலால் கிண்ணத்தில் இருந்த நாடாவைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒரு பீங்கான் கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். பல் முளைக்காத குழந்தைகளுக்கு அங்கே அப்படித்தான் செய்வார்களாம்.

இறைச்சி வயலில் உழைத்த கிழட்டு எருமையுடையது; தோலாகப் பார்த்திருந்தால் இரண்டாம் தரத்தில் போட்டிருப்பார். சாறு வேறு விஷயம். மாட்டின் வெளிப்பக்கத்தை நாற்பது வருஷம் பார்த்த மனிதருக்கு உட்பக்கம் இவ்வளவு நல்லது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். பெண் கேட்காமலே இன்னொரு அகப்பை ஊற்றினாள். அதையும் குடித்தார்.

வயிறு நிறைந்ததும் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. சவரிராயனிடம், இந்தம்மாவைக் கேளுங்கள், ஆம்பூர் நயீம் அகமது என்று யாராவது இந்தத் தெருவில் இருக்கிறார்களா என்றார். சவரிராயன் அவர்கள் பாஷையில் கேட்டார். அவள் வாஹித் பாஷாவை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டாள்.

கையில் கத்தியோடு, இடுப்பில் ஈரத்துணியோடு, கண்ணில் நீரோடு வந்தவன் நயீம். நீர் வெங்காயத்தால் வந்தது. ஆம்பூரில் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காதவன்.

அவன் மாமனாரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கிண்ணத்தைப் பார்த்தான். காலி. பிறகுதான் முகத்தைப் பார்த்தான். பாரம் இறக்கியவன் போல அவன் தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

"சாப்ட்டீங்களா, மாமு?" என்றான்.

ஆம்பூரில் அதை மரியாதைக்குக் கேட்பார்கள். வாஹித் பாஷாவுக்கு அது தீர்ப்பு வாசிப்பது போலக் கேட்டது.

உடனே மடியிலிருந்து நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவள் அதை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அவள் பக்கம் தள்ளினார். வாங்கிக்கொண்டால் அவர் வாடிக்கைக்காரர். எழுந்து நின்று என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். வாங்காவிட்டால் விருந்தாளி. இது அவளுக்குத் தெரியாது. கப்பலிலிருந்து இறங்கி வரும் தன் நாட்டு மனிதரிடம் முதல் நாள் சாப்பாட்டுக்குக் காசு வாங்கக் கூடாது என்று நயீம் அவளுக்குச் சொல்லிவைத்திருந்தான். எங்கள் ஊர் மரியாதை அது என்று பெருமையாகச் சொன்னானாம்.

"வாங்கிக்கச் சொல்லு. கடைன்னா விலை உண்டு," என்றார் வாஹித் பாஷா.

"கடைக்கு வந்தவங்ககிட்ட வாங்குவா மாமு. வூட்டுக்கு வந்தவங்ககிட்ட வாங்கமாட்டா."

"இது கடையா, வூடா?"

"ரெண்டும் ஒண்ணுதான். பின்னால தான் படுத்துக்கறோம்."

சவரிராயன் தம்மால் வந்த வினை என்று புரிந்துகொண்டு உதவிக்கு வந்தார். சாறுதானே பாய், கஞ்சித்தண்ணி மாதிரி, அது சாப்பாட்டில் சேருமா என்றார். நாடா எதில் செய்கிறார்கள் என்று கேட்டார் வாஹித் பாஷா. அரிசி மாவில் என்று சவரிராயன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தெரியாமல்தானே சாப்பிட்டீர்கள் என்றார் அடுத்து. தெரியாமல் என்ற சொல்லை வாஹித் பாஷா தாமே செல்லாது ஆக்கி வருஷம் ஆறு ஆகியிருந்தது. யாராவது வேறு ஆள் அந்தச் சட்டத்தைப் போட்டிருந்தால் உடைத்திருப்பார்.

திரும்பும் கப்பலுக்கு எட்டு நாள் இருந்தது. முதல் மூன்று நாள் அவர் தமக்குப் பதிலாகப் பேச ஒரு ஆளைத் தேடினார். அந்தக் கடையில் சாப்பிடாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. துணிக்கடைக்காரர்கள் எல்லோரும் காலையில் அங்கேதான். பள்ளிவாசல் இமாமுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தோறும் தூக்குவாளியில் போகும். சவரிராயன் தினசரி இரண்டு கிண்ணம். ஒருவர் மட்டும் நான் அங்கே சாப்பிட்டதே இல்லை என்றார். விசாரித்ததில் அவருக்கு மாட்டுச்சாறு வயிற்றுக்கு ஆகாது, ஆனால் அவள் கையால் கஞ்சி காய்ச்சி வாங்கிக் குடித்திருக்கிறார். சைகோனில் இருந்த நம்மவர் அத்தனை பேர் வாயையும் அந்தப் பெண் ஒரு அகப்பையால் கட்டிவைத்திருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை.

அதுவரை பழமும் தேநீருமாக ஓட்டியவருக்கு நான்காம் நாள் பசித்தது. நகரத்தில் வேறு ஹலால் கடை அவருக்குக் கிடைக்கவில்லை. வாஹித் பாஷா போய் முக்காலியில் உட்கார்ந்தார். ஏற்கெனவே கெட்டது கெட்டுவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். கத்தரிக்கோல் வந்தது. மீதி நாட்களும் அங்கேதான் சாப்பிட்டார்.

பார்க்கவும் செய்தார். நயீம் கிண்ணம் கழுவினான், எலும்பு உடைத்தான், பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இலை ஆய்ந்தான். அவள் ஏதாவது சொன்னால் கேட்டான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ உபகாரம். கத்தியிருக்கலாம். இவன் அவர் முதலில் சொன்ன மாதிரியேதான் இருந்தான்.

ஆறாம் நாள், கூட்டம் கலைந்த மத்தியானத்தில், அவள், லான் என்று அவள் பெயர், அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவரைப் பார்த்து நிதானமாக நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் இரண்டு முறை தில்ஷாத் என்ற பெயர் வந்தது. அவள் வாயில் அது வேறு மாதிரி ஒலித்தாலும் அவருக்குத் தெரிந்தது.

"இன்னா சொல்றா?" என்று நயீமைக் கேட்டார்.

நயீம் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இன்னும் கொஞ்சம் சாறு ஊத்தட்டுமான்னு கேக்கறா, மாமு."

வாஹித் பாஷா போதும் என்று கையைக் கிண்ணத்தின்மேல் வைத்தார். அவள் நயீமையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அவள் கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது என்று அவள் நினைத்துக்கொண்டாளோ.

துறைவரை நயீம் வந்து வழியனுப்பினான். பெட்டியைத் தானே சுமந்தான். படியேறும்போது, தில்ஷாத் நல்லா இருக்காளா மாமு என்று கேட்டான். சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையும் வாஹித் பாஷாவின் வாயில் வந்து நின்றன. வரணும், இல்ல விடணும். இருக்கா என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பொய் சொல்லியிருந்தால் சுலபம். ஆளையே காணோம் என்றிருந்தால் போதும். அன்வரி அழுதாள். தில்ஷாத் கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சா பாவா?" என்றாள்.

"எது?"

"சாப்பாடு."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

மறுநாள் தில்ஷாத் சாப்பாட்டு விரிப்பை விரித்து எல்லோருக்கும் பரிமாறினாள். தான் உட்காரவில்லை. மத்தியானமும் உட்காரவில்லை. அன்வரி கெஞ்சினாள், இது உன் வீடுடீ என்றாள். என் வீடாக இருந்தால் நான் எதற்கு நயீம் பெண்டாட்டி என்று பேர் சொல்லிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள் மகள். இந்த வீட்டில் ஒரு காரியம் கேட்க வந்திருக்கிறேன், கொடுத்தால்தான் கை நனைப்பேன் என்றாள். கேட்ட காரியம் ஒரு கடிதம். அவளுக்கு உருது வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தால் பெண் யாருக்காவது கடிதம் எழுதிவிடுவாள் என்று பெரியவர்கள் பயந்த காலம். வாஹித் பாஷாவும் அந்தப் பெரியவர்களில் ஒருவர். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள், அந்த வீட்டுச் சாப்பாடு சாப்பிடாதவள் நான், பேச்சு என்னுடையது என்றாள்.

இது சட்டத்தில் ஒரு ஓட்டை. வாஹித் பாஷா சாயங்காலம்வரை யோசித்து அதன் வழியே நுழைந்தார். வரவும், இல்லையேல் விடவும் என்று இரண்டே வரி. பழக்கதோஷத்தில் அங்கே எல்லோருக்கும் சலாம் என்று முடித்தார். அதை அடியுங்கள் என்றாள். அடித்தார்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. நாலு பக்கம். மழை நன்றாகப் பெய்ததாம், ரப்பர் விலை விழுந்ததில் ஊர் பேஜாராக இருக்கிறதாம், குழந்தைக்குப் பல் முளைத்ததாம். கடைசிப் பக்கத்தின் அடியில், மெதுவாக, யாரையும் நோகாமல், இப்படி எழுதியிருந்தான்: மாமுவின் கையெழுத்து எனக்குத் தெரியும். அந்தக் கை எங்கள் கிண்ணத்தில் நனைந்த கை. இஷ்தியாக் பாய் விஷயத்தில் மாமு சொன்ன நியாயத்தை நான் மறக்கவில்லை. ஆகையால் அந்தக் கடிதத்தை நான் வந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமு மனம் நோக வேண்டாம்.

வாஹித் பாஷா அதை இரண்டு முறை படித்தார். குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அவரே உட்கார்ந்து சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

தில்ஷாத் அந்த நாலு பக்கத்தையும் வாங்கிக்கொண்டு போனாள். அவள் கிழித்துப் போடுவாள் என்று அன்வரி நினைத்தாள். அவள் அதன்மேல் எண்ணெய் தடவிய மெல்லிய காகிதத்தை வைத்து, கரித்துண்டால் எழுத்தின்மேல் எழுத்தாக இழுக்கத் தொடங்கினாள். வாசிக்கத் தெரிந்தவளுக்கு எழுத்தின் பெயரைச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. கை போகிற வழிதான் தெரிய வேண்டும். அதற்கு வீட்டில் இருந்தது புருஷனின் கை ஒன்றுதான். மழை, ரப்பர், குழந்தையின் பல் எல்லாவற்றின்மேலும் நாற்பது நாள் இழுத்தாள். தகப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி செய்தால் அவர் கை பட்டதாகிவிடும். கரித்துண்டு உடைந்தபோதுகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு அவள் அதே இரண்டு வரியைத் தானே எழுதினாள். எழுத்து கோணல்தான், ஆனால் வளைவும் சுழிப்பும் நயீமுடையவை. உறையில் இருந்த பிரெஞ்சு விலாசத்தையும் படம் வரைவது போலப் பார்த்து வரைந்தாள். இவ்வளவு பாடுபட்டுக் கற்றதில் முதல் கடிதம் இது.

வந்த பதிலில் மழை இல்லை, ரப்பர் இல்லை. தேதி போட்டு, சாட்சி இரண்டு பேர் பெயர் போட்டு, தில்ஷாத்தைத் தலாக் சொல்லிவிட்டதாக இரண்டு வரி. வாஹித் பாஷா அதை உரக்க வாசித்தார். மெதுவாக வாசித்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

தெரு முழுக்க அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. எந்த முகத்தோடு வருவது என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு அப்துல் கஃபார் குடும்பத்துப் பெண்கள் துக்கத்துக்கு வருகிறாற்போல் வந்து, நல்லதாச்சு போ என்று தொடங்கி, நடுவில் அழுதுவிட்டார்கள். இஷ்தியாக் அகமது வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்வார் என்று வாஹித் பாஷா எதிர்பார்த்தார். அவர் சலாம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார், திட்டியிருந்தால் தேவலை. கேட்டது கிடைத்த வீட்டில் கிடைத்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அஸருக்குப் பிறகு காஜி வந்தார். காகிதத்தைப் பார்த்து, தலாக் செல்லும் என்றார். வயதானவர், தாமும் ஒரு மகளை வளர்த்தவர், மெல்லத்தான் பேசினார். ஆனால் சொல்ல வேண்டியது இருந்தது. நாலு வருஷத்துக்கு மேலாகப் புருஷன் முகம் பார்க்காவிட்டாலும், விட்ட தேதியிலிருந்துதான் இத்தாக் கணக்கு. அது முடியும்வரை மூன்று மாதம்போல வீட்டோடு காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வேறு பேச்சு என்றார்.

வாஹித் பாஷா காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தில்ஷாத், "மூணு மாசம் தானா?" என்று கேட்டாள்.

கிதாபில் அதற்குமேல் ஒன்றும் இல்லையம்மா என்று காஜி மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்.